தேடாமல் இல்லை என்னலாமா?

சென்ற பொங்கல் விழாவின்போது நம் சங்கத்தில் ஒரு சொற்போர் நிகழ்ந்தது. “இணையத்தால் தமிழ் வளர்ந்ததா, தளர்ந்ததா?” என்பது பொருள். “தளர்ந்தது” என்ற கட்சியில் பேசிய நண்பர் இறுதியில் ஒரு கேள்வியை வீசினார். “நம் சங்கத்தின் ஆண்டு மலரே ஒரு காலத்தில் இணையத்தில் இருந்ததாம். இன்று அது எங்கே? இல்லை! சொந்த வீட்டு விளக்கையே அணையவிட்ட நாம், மொழிக்கு ஒளி ஏற்றப் போகிறோமா?” என்றார். கூடம் அதிரக் கைதட்டினார்கள். எதிர்க்கட்சியில் பேசவேண்டிய நான் வாயடைத்து நின்றேன். நடுவரின் தீர்ப்பு எப்படி அமைந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தோற்றதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் “இல்லை” என்ற அந்தச் சொல் இரவெல்லாம் என்னை உறுத்தியது. இல்லை என்று சொன்னவர் தேடிப் பார்த்தாரா? கைதட்டியவர்கள் தேடினார்களா? நான்தான் தேடினேனா? ஒருவரும் தேடவில்லை. தேடாமலே ஒரு பொருளை இல்லை என்று சாதித்துவிட்டோம். படித்தவர்களாகிய நாம் செய்யக்கூடிய செயலா இது?

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். கோடிக்கணக்கான இணையப் பக்கங்களைச் சேர்த்து வைத்திருக்கும் பெருங்காப்பகங்களில் தேடும் ஆற்றல், இன்று விடுதி அறையில் இருக்கும் ஓர் ஏழை மாணவனுக்கும் எட்டும் நிலைக்கு வந்துவிட்டது. ஆகவே “நம்மால் ஆகுமா” என்று ஒதுங்கி நிற்க நமக்கு இனி உரிமை இல்லை. அதே நேரத்தில், ஒரு முறை தேடிக் கிடைக்காத ஒன்றை “இல்லை” என்று முடிவு கட்டவும் உரிமை இல்லை. இந்த இரண்டையும் நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

விழாவுக்கு வந்திருந்த பழைய மாணவர் ஒருவரை மறுநாள் காலை சிற்றுண்டியின்போது பிடித்துக்கொண்டேன். “அண்ணா, அந்த மலர் எந்த முகவரியில் இருந்தது?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். “தம்பி, 2004-இல் நாங்கள் நான்கு பேர் மூன்று இரவு கண் விழித்துத் தட்டச்சு செய்தோம். யாரோ ஒருவன் இலவச இடம் பிடித்துக் கொடுத்தான். முகவரியா? அவனுக்கே நினைவிருக்காது!” என்றார்.

இலவச இடங்களின் கதை நமக்குத் தெரிந்ததே. 1990-களில் பல்லாயிரவருக்கு இணையத்தில் குடியிருக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. குடியிருந்தோர் எழுதியவற்றைத் தன்னார்வலர்கள் ஓடி ஓடிப் படியெடுத்தார்கள், பல காப்பாற்றப்பட்டன. எல்லா இடங்களுக்கும் அந்தப் பேறு வாய்க்கவில்லை.

நான் முதலில் நாடிச் சென்றது இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் காப்பகத்தை. புரூஸ்டர் கேல் என்பவர் 1996-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியது அது. அதன் வேபேக் மெஷின் 2001-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது; 2025 அக்டோபரில் அதில் சேர்ந்த பக்கங்கள் ஓர் இலட்சம் கோடியை எட்டின. மனித இனம் கட்டிய நூலகங்களில் இதற்கு ஒப்பானது அரிது. ஆனால் அங்கே ஒரு நிபந்தனை உண்டு. முகவரியைச் சொன்னால் அந்தப் பக்கம் எந்த ஆண்டில் எப்படி இருந்தது என்று காட்டும். முகவரி தெரியாமல், “இந்தச் சொல் எந்தெந்தப் பக்கத்தில் இருந்தது?” என்று காப்பகம் முழுவதையும் கேட்க அங்கே வழி இல்லை. ஊர்ப்பெயரும் தெருப்பெயரும் தெரியாமல், ஆளின் குரலை மட்டும் அறிந்தவன் எந்தக் கதவைத் தட்டுவான்?

அப்போதுதான் காமன் கிரால் என்னும் மற்றொரு திரட்டின்பால் என் கவனம் சென்றது. கில் எல்பாஸ் என்பவர் 2007-இல் தொடங்கிய இலாப நோக்கற்ற அமைப்பு இது. 2008 முதல் இணையப் பக்கங்களைத் திரட்டி, யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கும்படி பொதுவில் வைத்திருக்கிறது. இதுவரை திரட்டியவை 30,000 கோடிப் பக்கங்களுக்கு மேல் என்று அவ்வமைப்பே கூறுகிறது. அண்மைக் காலத் திரட்டு ஒன்றில் மட்டும் 200 கோடிக்கு மேற்பட்ட பக்கங்கள் இருக்கும். அவை ஏறத்தாழ ஒரு கிகாபைட்டு அளவுள்ள 90,000 முதல் 1,00,000 வரையிலான கோப்புகளில் சுருக்கி அடைக்கப்பட்டிருக்கும்.

இதை நம் விடுதிக்கு இறக்கிக்கொள்ளலாமா? கணக்குப் பார்த்தேன். 80 டெராபைட்டு என்று வைத்துக்கொண்டு, நொடிக்கு 100 மெகாபிட்டு வேகத்தில் இரவு பகல் ஓயாமல் இறக்கினால் 74 நாள் ஆகும். நம் விடுதியில் அந்த வேகம் விடியற்காலை மூன்று மணிக்குத்தான் கிட்டும் என்பதை உங்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இறக்கினாலும் வைக்க இடம் எங்கே? கடலை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. கடலுக்கு நாம்தான் போகவேண்டும்.

அந்தக் கடல் இருக்கும் இடம் அமெரிக்காவில், வடக்கு வர்ஜீனியாவில், அமேசான் நிறுவனத்தின் கணினிக் கூடங்களில். அங்கேயே நம் தேடலை ஓட்டுவதற்கு உதவுவதுதான் “சர்வர்லெஸ்” என்று சொல்லப்படும் முறை.

சர்வர் என்றவுடன் நம் மெஸ்ஸில் சாம்பார் வாளியோடு வரும் அண்ணனை நினைத்துக்கொள்ள வேண்டா. ஆனால் அந்த நினைவும் முற்றிலும் பயனற்றதன்று. ஊரில் ஒரு திருமணம். பந்தி பரிமாற ஆள் வேண்டும் என்பதற்காக யாரும் ஆண்டு முழுவதும் சம்பளம் கொடுத்து ஆயிரம் பேரை வீட்டில் வைத்திருப்பதில்லை. பந்தி போடும் வேளைக்கு அழைக்கிறோம். பரிமாறி முடித்ததும் கூலி வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். சர்வர்லெஸ் என்பதும் இதுவே. சர்வர் இல்லாமல் இல்லை. நாம் வைத்துக் காக்கவேண்டிய சர்வர் இல்லை. நாம் எழுதித் தருவது ஒரு சிறு செயற்கூறு மட்டுமே. அழைத்தால் அது உயிர்பெறும், வேலையை முடிக்கும், மறையும். உயிரோடிருந்த நேரத்துக்கு மட்டும் கூலி.

அமேசான் இதை லாம்டா என்ற பெயரில் 2014 நவம்பரில் அறிமுகப்படுத்தியது. கூகுளும் மைக்ரோசாப்டும் பின்னர் இதுபோன்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. லாம்டாவில் ஒரு செயற்கூறு ஒரே மூச்சில் 15 நிமிடத்துக்கு மேல் ஓட முடியாது. 10,240 மெகாபைட்டுக்கு மேல் நினைவகம் கிடையாது. பொதுவாக ஒரு கணக்குக்கு ஒரே நேரத்தில் 1,000 செயற்கூறுகள் ஓடலாம். புதுக் கணக்குகளுக்கு இதைக் குறைத்து வைப்பதும், கேட்டால் உயர்த்தித் தருவதும் உண்டு. கூலி மில்லி நொடிக் கணக்கில் அளக்கப்படுகிறது.

இந்த முறை தேடலுக்கு ஏன் பொருந்துகிறது? ஒரு கோப்பில் தேடுபவனுக்கு அடுத்த கோப்பில் தேடுபவன் தேவையில்லை. நெல் வயலை ஆளுக்கொரு பாத்தியாகப் பிரித்து அறுப்பதுபோல, கோப்புகளைப் பிரித்துக் கொடுத்துவிட்டால் போதும். ஒருவன் களைத்து விழுந்தாலும் மற்றவர் வேலை நிற்பதில்லை. விழுந்தவனுடைய பாத்தியை மட்டும் வேறொருவனுக்குக் கொடுத்தால் முடிந்தது.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு திரட்டுக்கும், பக்கங்களின் எழுத்தை மட்டும் பிரித்தெடுத்த கோப்புகளும் உள்ளன. அவை மூலத்தில் பத்தில் ஒரு பங்கு அளவே வரும். அத்தகைய கோப்புகள் 1,00,000 என்றும், ஒன்றைத் தேட 20 நொடி ஆகும் என்றும், நினைவகம் 2 கிகாபைட்டு என்றும் கொள்வோம். ஒரே கணினி ஒன்றன்பின் ஒன்றாகத் தேடினால் 23 நாள். ஆயிரம் செயற்கூறுகள் ஒரே நேரத்தில் தேடினால் 33 நிமிடம்! கூலியோ ஒருவன் நெடுநாள் செய்தாலும் ஆயிரம் பேர் அரைமணியில் செய்தாலும் ஒன்றே. இன்றைய விலைப்பட்டியலின்படி அது ஏறத்தாழ 67 டாலர். ஊர் கூடித் தேர் இழுப்பது என்பார்களே, அதைத்தான் இங்கே காண்கிறேன்.

67 டாலர் என்றால் நம் பணத்தில் ஆறாயிரம் ரூபாய் அளவில் வரும். மாணவனுக்கு இது சிறு தொகையன்று. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் பாட்டிமார் சொல்லவில்லையா? அளப்பதற்கு வழி உண்டு. காமன் கிரால் திரட்டுகளுக்கு முகவரி அட்டவணை உண்டு. எந்தப் பக்கம், எந்தக் கோப்பில், எத்தனையாவது பைட்டில் தொடங்கி எவ்வளவு நீளம் இருக்கிறது என்று அது சொல்லும். ஒவ்வொரு பக்கமும் தனித்தனியே சுருக்கப்பட்டிருப்பதால், ஒரு கிகாபைட்டுக் கோப்பை முழுவதும் திறவாமல் நமக்கு வேண்டிய ஏட்டை மட்டும் உருவி எடுக்கலாம். ஆகவே முதலில் அட்டவணையைப் பார்த்து வயலைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். பிறகே ஆட்களை இறக்க வேண்டும். சுருக்கிவிட்டால் பெரும்பாலான மாணவத் தேடல்கள், மாதந்தோறும் லாம்டாவில் இலவசமாகத் தரப்படும் அளவுக்குள்ளேயே அடங்கிவிடும். அந்த இலவச அளவு மாதத்துக்கு 10,00,000 அழைப்புகளும் 4,00,000 கிகாபைட்டு நொடிகளும் ஆகும். மேலே சொன்ன முழுத் தேடலில் இது பத்தில் ஒரு பங்கு. செயற்கூறுகள் தரவு இருக்கும் வர்ஜீனியாவிலேயே ஓடவேண்டும் என்பதையும் மறவாதீர்கள். மும்பையில் ஓட்டினால், கடலுக்குப் போகவில்லை. கடலை மறுபடியும் குடத்தில் சுமக்கிறோம்.

இவ்வளவும் படித்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். இனி என் அறியாமையின் வரலாறு.

முகவரியில் “தமிழ்” என்ற சொல் ஆங்கில எழுத்தில் வரும் பக்கங்களை, 2013 முதலான சில திரட்டுகளின் அட்டவணையிலிருந்து பொறுக்கினேன். ஐந்நூறு ஐந்நூறாகப் பிரித்தேன். ஒவ்வொரு கட்டையும் ஒரு செயற்கூறிடம் ஒப்படைத்தேன். நம் சங்கத்தின் பெயர் எங்கே வந்தாலும் எழுதி வைக்கும்படி கட்டளை. பொத்தானை அழுத்திவிட்டு இரவு உணவுக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் நெஞ்சு துணுக்குற்றது. சிதைந்த பக்கம் ஏதாவது எதிர்ப்பட்டால் என் செயற்கூறு அதையே சுற்றிச் சுற்றி வந்து கொண்டிருந்தது. 20 நொடியில் முடியவேண்டிய வேலைக்கு நான் 15 நிமிட எல்லை கொடுத்திருந்தேன். தோற்ற செயற்கூறுகளை இன்னும் இரண்டு முறை தானாகவே ஓட்டிப் பார்ப்பது அங்கே வழக்கம். அதையும் நான் நிறுத்தி வைக்கவில்லை. ஆகவே 20 நொடிக்குரிய இடத்தில் 2,700 நொடிக்குக் கூலி! அம்மா மெஸ்ஸுக்கு அனுப்பிய பணத்தில் ஒரு பகுதி அன்றிரவு போயிற்று. குற்றம் யாருடையதும் அன்று, என்னுடையதே. செலவு எச்சரிக்கை வைத்திருந்தேன். ஆனால் எச்சரிக்கை மணி அடிக்குமே தவிர, கையைப் பிடித்து நிறுத்தாது. அந்த மணியும் காலம் தாழ்ந்தே அடிக்கும்.

பிழையைத் திருத்தி மறுபடியும் ஓட்டினேன். எல்லாம் ஒழுங்காக முடிந்தது. விடை: பூச்சியம். நம் சங்கத்தின் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

“பார்த்தாயா, அன்றே சொன்னேனே!” என்றார் சொற்போரில் வென்ற நண்பர். நானும் ஒப்புக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டேன். தோல்வியைத் தெரிவிப்பதற்காக அந்தப் பழைய மாணவரைத் தொலைபேசியில் அழைத்தேன். எல்லாவற்றையும் கேட்டவர் ஒரே ஒரு வினா வினவினார். “தம்பி, எந்த எழுத்தில் தேடினாய்? நாங்கள் திஸ்கியில் அல்லவா தட்டினோம்!”

தலையில் அடித்துக்கொண்டேன். இன்று நாம் எழுதும் யூனிகோடு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட்டு. முதல் பைட்டு 224. இரண்டாவது 174 அல்லது 175. “தமிழ்” என்ற சொல் 15 பைட்டு பிடிக்கும். ஆனால் யூனிகோடு பரவுவதற்கு முன், 1990-களின் இறுதியிலும் அதற்குப் பின் பல ஆண்டுகளும், தமிழ் இணையம் பல குறியீடுகளில் சிதறிக் கிடந்தது. திஸ்கி ஒன்று, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற டாப், டாம் என்பவை வேறு, நாளேடுகளும் வார இதழ்களும் தத்தமக்கென்று வைத்துக்கொண்ட எழுத்துருக்கள் மேலும் பல. திஸ்கியில் “தமிழ்” என்பது நான்கே பைட்டு. எழுத்துரு இல்லாத கணினியில் அதைத் திறந்தால், முக்கால் என்னும் பின்னக் குறியும், கோடு தாங்கிய அயல் எழுத்தும், சென்ட் நாணயக் குறியும், மற்றோர் அயல் எழுத்தும் தெரியும். மொழியறியும் பொறி அதைப் பார்த்துத் தமிழ் என்று எப்படிச் சொல்லும்? குப்பை என்றே தள்ளும். நானும் அதையே செய்திருந்தேன்.

சங்கத்தின் பெயரைத் திஸ்கிப் பைட்டுகளாக மாற்றி, அதே பக்கங்களில் அதே செயற்கூறுகளை மூன்றாம் முறை அனுப்பினேன். சில நிமிடங்களில் விடை வந்தது. மலர் இருந்தது!

முழு மலர் அன்று. பொருளடக்கமும், தலையங்கமும், நான்கு கட்டுரைகளும் 2013-ஆம் ஆண்டுத் திரட்டு ஒன்றில் சிக்கியிருந்தன. படங்கள் இல்லை, மற்றக் கட்டுரைகள் இல்லை. தலையங்கத்தை அந்த அண்ணனுக்குத் தொலைபேசியிலேயே படித்துக் காட்டினேன். வளாகத்தில் தமிழ் நாளிதழ் படிக்க ஓரிடம் இல்லையே என்ற குறையோடு அது தொடங்குகிறது. மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. “அதை எழுதியவன் இப்போது இல்லை, தம்பி. அவன் வீட்டுக்கு ஒரு படி அனுப்பு” என்றார். அனுப்பிவிட்டேன்.

நண்பர்களே! ஒரு மலர் கிடைத்த மகிழ்ச்சிக்காக மட்டும் இதை நான் எழுதவில்லை. இதனுள் ஒரு பெரிய செய்தி அடங்கியிருக்கிறது.

காமன் கிரால் 2018 முதல் தன் பக்கங்களுக்கு மொழி குறித்து வருகிறது. ஆங்கிலம் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல். தமிழோ ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழ். இந்தக் கணக்கைக் காட்டி, “தமிழில் அவ்வளவுதான்” என்று பேசுவோர் உண்டு. ஆனால் பழைய குறியீடுகளில் கிடக்கும் பக்கங்களைப் பொறி தமிழென்று அறிவதில்லை. அவை கணக்கில் தமிழாக ஏறுவதும் இல்லை. அவை மிகப் பல என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு தலைமுறை இணையத்தில் முதன்முதலாக எழுதிப் பழகிய தமிழ் அது என்று மட்டும் சொல்கிறேன். யூனிகோட்டிலும் சிக்கல் உண்டு. “கொ” என்ற எழுத்தை ஒரே உயிர்க்குறியாகவும் சேமிக்கலாம். கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றே; தேடும் பொறிக்கு வேறு வேறு. இதை அறியாதவன் “கொற்கை” என்று தேடினால் பாதியை இழப்பான். இழந்தது தெரியாமலே கட்டுரை எழுதிப் பட்டமும் பெறுவான்!

இது பழம்பொருள் தேடும் பொழுதுபோக்கு என்று சிலர் எண்ணக்கூடும். அன்று. இன்று உலகம் வியக்கும் மொழிப் பொறிகள் எதைப் படித்து வளர்ந்தன? 2020-இல் வெளிவந்த ஜிபிடி-3 பற்றிய ஆய்வுரை, அதன் பயிற்சிக் கலவையில் 60 விழுக்காடு காமன் கிரால் திரட்டிலிருந்து வடிகட்டியது என்று கூறுகிறது. நாளை நம் தம்பி தங்கையர் தமிழைப் பற்றிக் கேட்கும் கேள்விக்கு விடை சொல்லப் போகும் பொறி, இந்தக் காப்பகங்களில் தமிழாகத் தென்பட்டதை மட்டுமே தமிழென்று அறிந்திருக்கும். அங்கே என்ன இருக்கிறது, என்ன விடுபட்டது என்று பார்ப்பது யார் பொறுப்பு? திஸ்கி என்று ஒன்று இருந்ததே வர்ஜீனியாவில் இருப்பவர்களுக்கு நினைவிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையாகுமா?

“கூகுளில் தேடினால் போதாதா?” என்று கேட்கிறார் என் அறை நண்பர். போதாது. கூகுள் இன்று உயிரோடிருக்கும் பக்கங்களில், தான் சிறந்தவை என்று கருதுபவற்றை முன்னே நிறுத்தும். “இந்தச் சொல் வந்த எல்லாப் பக்கங்களையும் ஆண்டு வாரியாகக் கொடு” என்று அதனிடம் கேட்க முடியாது. காப்பகத்தில் கேட்கலாம், கேள்வியும் நம்முடையது, வழியும் நம்முடையது, தவறினால் அதுவும் நம்முடையதே.

இந்த முறையின் குறைகளையும் மறைக்கக் கூடாது. காமன் கிரால் இணையம் முழுவதும் அன்று. அது ஒரு மாதிரிதான். வரவேண்டா என்று அறிவித்த தளங்களுக்குள் அது நுழைவதில்லை. ஆகவே அங்கே கிடைத்ததை “இருந்தது” என்று சொல்லலாம். கிடைக்காததை “இருந்ததில்லை” என்று சொல்லக் கூடாது. ஒரே தரவில் நாள்தோறும் தேட வேண்டியவர்கள், ஒவ்வொரு முறையும் ஆயிரம் ஆட்களை அழைப்பது வீண். ஒரு முறை செலவிட்டுச் சொல்லடைவு கட்டிக்கொள்வதே நன்று. மேலும் இது பொதுக் கிணறு. 2023-ஆம் ஆண்டின் இறுதியில் சிலர் அளவு கடந்த வேகத்தில் இறைத்ததால், காமன் கிராலைப் பயன்படுத்திய எல்லாருக்குமே தடங்கல் ஏற்பட்டது. ஆயிரம் வாளி நம் கையில் இருக்கிறது என்பதற்காக ஆயிரத்தையும் ஒரே நேரத்தில் விடுவது பண்பாகாது. காப்பகத்தில் தனி மனிதர்களின் பெயரும் முகவரியும் கிடக்கும். அவற்றைத் தோண்டுவதற்கு இந்தக் கருவியை எடுப்பவனை நம் சங்கத்தான் என்று சொல்ல நான் கூசுவேன்.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்து, நம் சங்கத்துக்கு மூன்று செயல்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, சங்கத்தின் பெயரில் ஒரு தேடற் குழு வேண்டும். கணினி படிப்போர் மட்டும் போதாது. சொல்லின் பழைய வடிவம் தெரிந்த இலக்கிய மாணவர் வேண்டும்; ஆண்டும் நிகழ்ச்சியும் அறிந்த வரலாற்று மாணவர் வேண்டும். எதைத் தேடுவது என்று அறியாதவனுக்கு ஆயிரம் செயற்கூறும் ஆயிரம் குருடர்களே.

இரண்டாவது, புதிதாக ஓட்டுபவர் எவராயினும் பத்தே பக்கங்களில் ஓட்டிப் பார்த்துக் கூலியைக் கணக்கிட்ட பின்னரே பெருந்தேடலில் இறங்க வேண்டும். நேர எல்லை முப்பது நொடி. மறு ஓட்டம் கிடையாது. ஒரே நேரத்தில் ஐம்பதுக்கு மேல் வேண்டா. என் அம்மாவின் பணம் கற்றுத் தந்த பாடம் இது. இன்னொரு தாயின் பணமும் அதே பாடத்துக்குச் செலவாக வேண்டுமா?

மூன்றாவது, ஒவ்வொரு தேடலையும் யூனிகோட்டில் ஒரு முறையும், திஸ்கி, டாப், டாம் ஆகியவற்றில் ஒரு முறையும் செய்யவேண்டும். கிடைத்ததை யூனிகோடாக்கி, எந்தத் திரட்டு, எந்தக் கோப்பு, எந்தப் பைட்டு என்ற குறிப்போடு நம் நூலக அலமாரியில் அச்சுப்படியாகவும் வைக்க வேண்டும். கிடைக்காததையும் எழுதி வைக்க வேண்டும்: எங்கே, எப்படித் தேடினோம் என்று. அடுத்து வருபவன் நாம் விட்ட இடத்திலிருந்து தொடங்கட்டும்.

2004 மலரின் மற்றக் கட்டுரைகள் இன்னும் அகப்படவில்லை. பொருளடக்கத்தில் பெயர்கள் இருக்கின்றன. வேறு திரட்டுகளில் அவை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வரும் ஞாயிறு மாலை, மெஸ்ஸில் காப்பி முடிந்தபின், படிப்பறையில் கூடுவோம். சொற்போரில் என்னை வென்ற நண்பர் முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருக்கிறார். அவர் பொறுக்கப் போவது 2014-ஆம் ஆண்டுத் திரட்டுகள். எஞ்சிய ஆண்டுகளுக்கு ஆள் வேண்டும். வருகிறீர்களா?